வெரேசோனுக்குத் தமிழ்: நிறமாற்றமா, செங்காயா?

அனைவருக்கும் வணக்கம். திராட்சைச் சாகுபடிக் கலைச்சொற்களுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ப் பட்டியலில், வெரேசோனுக்கு, அதாவது திராட்சைக் காய் பழமாகத் திரும்பத் தொடங்கும் கட்டத்துக்கு, வந்திருக்கும் பரிந்துரை இது:

> வெரேசோன் = நிறமாற்றம். எளிமையாக இருக்கிறது, இதையே வைத்துவிடலாம்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் கொடியில் நடப்பதில் ஒரு பாதியைத்தான் இந்தச் சொல் சொல்கிறது, அதுவும் பிந்தி நடக்கும் பாதியை. திராட்சை இரண்டு தவணையாகப் பருக்கிற காய். பிஞ்சு பிடித்ததும் முதல் தவணை. அப்புறம் கொஞ்ச நாள் வளர்ச்சி நின்றுபோனது போல, பச்சையாக, கல்லு மாதிரி, கடித்தால் பல் கூசுகிற புளிப்போடு கிடக்கும். பிறகு ஒரு நாள் காய் இளகத் தொடங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது, புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் இறங்குகிறது, கறுப்பு ரகமாக இருந்தால் தோலில் நிறம் பிடிக்கிறது, காய் மறுபடியும் பருக்கிறது. இந்தத் திருப்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் வெரேசோன் என்கிறார்கள். பிரான்சின் போர்தோ பக்கம் ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் இது நடக்கும், அறுவடை செப்டம்பர், அக்டோபரில்.

கொடியின் வளர்ச்சியை எண் போட்டுக் குறிக்கிற ஐக்ஹார்ன்–லோரென்ஸ் அளவுகோலை ஆஸ்திரேலிய ஆய்வாளர் கூம்ப் 1995இல் திருத்தி வெளியிட்டார். அதில் 34ஆம் நிலை காய் இளகத் தொடங்குவது, 35ஆம் நிலைதான் நிறம் வரத் தொடங்குவது. இளக்கம் முந்தி, நிறம் பிந்தி. சரி, ஷார்டனே போன்ற வெள்ளை ரகத்துக்கு என்ன செய்வது? அதில் பச்சை கொஞ்சம் வெளிறும், தோல் கண்ணாடி போலத் தெளியும், அவ்வளவுதான். நிறமாற்றம் என்று ஏட்டில் எழுதிவிட்டு அந்தத் தோட்டக்காரர் எதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்?

இத்தாலியரின் இன்வாயாத்தூராவும் நிறத்தை வைத்து வந்த சொல்தான், போர்ச்சுகீசியரோ இந்தக் கட்டத்தைப் பிந்தோர், அதாவது ஓவியர், என்றே அழைக்கிறார்கள், அவர்களே நிறத்தைப் பிடித்துக்கொள்ளும்போது நமக்கென்ன என்று கேட்கலாம். நம்மிடம் அதைவிடப் பொருத்தமான சொல் ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, அதுதான் காரணம். பூ, பிஞ்சு, காய், செங்காய், பழம். காய்க்கும் பழத்துக்கும் நடுவில் ஒரு நிலை இருக்கிறது என்று கண்டு அதற்குத் தனிப்பெயரும் வைத்திருக்கிற மொழியில் புதிதாக எதை ஒட்டுப்போட வேண்டும்?

> செங்காய் என்றால் சிவப்பு என்று ஆகிவிடாதா? பச்சைத் திராட்சைக்கு ஒத்துவராதே.

ஆகாது. கொய்யாவைச் செங்காயாகப் பார்த்துப் பறி என்று வீட்டில் சொல்கிறோமே, வெளித்தோல் சிவக்கிற கொய்யாவையா கேட்கிறோம்? முழுக்கக் காயாகவும் இல்லாமல் குழையவும் செய்யாத பதத்தைத்தான் கேட்கிறோம்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மஸ்கட் ஹாம்பர்க் ரகத்துக்குத்தான் அங்கே பன்னீர் என்று பெயர். பந்தலுக்கு அடியில் அண்ணாந்து நின்றால் ஒரே கொத்தில் பச்சைக்காய்களுக்கு நடுவே நாலைந்து மட்டும் ஊதா பிடித்திருக்கும், இன்னும் ரெண்டு மூன்று பாதி முகம் மட்டும் சிவந்திருக்கும். தோட்டக்காரர் ஊதாக் காயைத் தொடவே இல்லை. பச்சையாக இருந்த ஒன்றைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்திக் காட்டினார், அது அமுங்கியது. பக்கத்தில் இருந்த காய் அமுங்கவில்லை. கண்ணுக்கு இரண்டும் ஒரே பச்சை. இது திரும்பிருச்சு, அது இன்னும் திரும்பல என்றார். எனக்கு அந்த வினைச்சொல்லை விட மனமில்லை.

ஆகவே என் பரிந்துரை: கட்டத்துக்குச் செங்காய்ப் பருவம், நிகழ்வுக்குத் திரும்புதல். ஒரே கொத்துக்குள்ளேயே காய்கள் முன்பின்னாகத் திரும்புவதால், பாதிக் காய்கள் திரும்பிய நாளைத்தான் உலகெங்கும் திராட்சைத் தோட்டக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறார்கள். அதைப் பாதி திரும்பிய நாள் என்றே எழுதலாம். அந்தத் தேதியை வைத்துத்தான் பறவைக்கு வலை போடுவது, அறுவடைக்கு ஆள் சொல்லிவைப்பது எல்லாம் ஓடுகிறது. பின்தங்கிய பச்சைக் கொத்துகளை வெட்டிக் கழிப்பதும் இந்த நேரத்தில்தான், ஏனென்றால் எது பின்தங்கியது என்று கண்ணுக்குத் தெரிவதே இப்போதுதான். பிந்தித் திரும்பிய கொத்து மற்றதோடு சேர்ந்து ஒயின் தொட்டிக்குப் போனால் பச்சை வாடையும் புளிப்பும் ஒயினில் ஏறும்.

இன்னொன்று. கொடியின் இலை, தளிர் நிர்வாகத்துக்குப் பந்தல் மேலாண்மை என்று நம் பட்டியலில் போட்டிருக்கிறது. அது வேண்டாம். கம்பம் பக்கம் பந்தல் என்றால் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டியது, கொடி படர்கிற இடம். இலையைக் கிள்ளி கொத்துக்கு வெயிலும் காற்றும் விடுகிற வேலை வேறு. தழை மேலாண்மை என்று மாற்றினால் குழப்பம் வராது. கிளை வெட்டுவதற்கான கவாத்து என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அதை யாரும் தொட வேண்டாம்.

தேனி, திண்டுக்கல் பக்கம் உள்ளவர்கள் உங்கள் ஊரில் திரும்புதலுக்கு வேறு வழக்கு இருந்தால் எழுதுங்கள், பட்டியலை மூடுவதற்கு முன் சேர்த்துக்கொள்ளலாம்.