கொரோனர் (திடீர் மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைக் கோப்புக் கட்டுகளில் குடும்பத்தைத் தேடியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பினாங்கு பேத்தி:

எங்கள் கொள்ளுத்தாத்தா பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பாம்பு கடித்துச் செத்தார் என்றுதான் வீட்டில் சொல்வார்கள், ஊரில் இருக்கிற சொந்தமும் அதையேதான் சொல்லும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இங்கே எல்லாருக்கும் தெரியும், பினாங் கெஸட், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ எல்லாம் அதில் கிடக்கிறது. தாத்தா பேரை எப்படி எழுத்து மாற்றிப் போட்டாலும் ஒன்றும் வரவில்லை. பேரை விட்டுவிட்டு கப்பல், கூலி, கொரோனர் என்று தேடினேன். அந்தக் காலத்துப் பேப்பரில் நம் ஆட்களைக் 'கிளிங்' என்று எழுதுவார்கள், அந்தக் கேவலமான பேரையும் போட்டுத்தான் தேட வேண்டியிருக்கிறது. கடைசியில் பத்து வரிச் செய்தி ஒன்று கிடைத்தது. சங்கிலி அறுந்து கப்பலின் அடித்தட்டில் விழுந்திருக்கிறார், விபத்து மரணம் என்று தீர்ப்பு. பேர் பாதிதான் ஒத்துப்போனது. ஆனால் நாங்கள் வருஷாவருஷம் கொடுக்கிற திதியைப் பழைய பஞ்சாங்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே நாள்.

எனக்கு உறுத்துவது அதன் கடைசி வரிதான். இறந்தவரின் தம்பி சாட்சி சொல்லியிருக்கிறார், காலையிலிருந்து அண்ணன் ஒன்றும் சாப்பிடவில்லை என்று. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி ஒரு தம்பி இருந்ததே தெரியாது. அவர் எங்கே போனார், பாம்புக் கதையை ஊருக்கு எழுதியது அவரா?

ஓய்வுபெற்ற எழுத்தர், மதுரை:

பேத்தி, வருத்தப்படாதீர்கள், பத்திரிகைச் செய்தி ஆவணம் ஆகாது. மொழிபெயர்ப்பாளர் சொன்னதை நிருபர் காதில் வாங்கி எழுதியது அது. கூடப் பிறந்தவரோ, பங்காளியோ, ஒரே ஊர்க்காரரோ, மூவரையும் நம்மாட்கள் தம்பி என்றுதான் சொல்வார்கள், அதை அவன் அப்படியே போட்டிருப்பான்.

நம் ஊரில் தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கொரோனர் என்று கேட்டுக்கொண்டு போனால் யாருக்கும் புரியாது. பம்பாய், கல்கத்தா மாதிரி நகரங்களுக்கென்று 1871இல் தனிச் சட்டமே இருந்தது, பம்பாயில் 1999 வரை கொரோனர் இருந்தார். நமக்கு எல்லாம் போலீஸ் விசாரணைதான், குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174, 2024 ஜூலையிலிருந்து அதுவே பிஎன்எஸ்எஸ் என்ற புதுச் சட்டத்தில் பிரிவு 194. எந்த ஸ்டேஷன் எல்லை என்று முதலில் தெரிய வேண்டும், அப்புறம் வருஷமும் குற்ற எண்ணும். 2006க்கு முந்திய காவல் மரணம், கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். பழைய கட்டுகளை அழித்திருப்பார்கள், அதற்கும் ஒரு பதிவேடு உண்டு, அதையும் கேட்டுப் பாருங்கள். இறப்புப் பதிவேட்டில் இறப்புக்கான காரணம் என்று ஒரு கலம் இருக்கும், ஆனால் அதை நகலில் காட்டப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடம் தராது, அதனால் அதை நம்பிப் போகாதீர்கள். மனுவில் பிள்ளை, பேரன் என்று உறவுமுறையை எழுதி வாரிசுச் சான்றையும் வையுங்கள், சும்மா 'ஆராய்ச்சிக்காக' என்று எழுதினால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள்.

என் அனுபவம் சின்னதுதான். தாய்மாமா கட்டைப் பார்த்தேன். 'பஞ்சாயத்தார்களின் அபிப்பிராயம்' என்ற இடத்தில் ஊர்க்காரர்கள் ஐந்து பேர் 'வயிற்றுவலி தாங்காமல்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர் மாமா மேல் வரப்புத் தகராறில் வழக்குப் போட்டவர்.

குரோய்டன் மருமகள்:

எழுத்தர் ஐயா, நீங்கள் சொல்வது உங்கள் ஊருக்குச் சரி. இங்கே பேப்பரைத் தள்ளிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இங்கிலாந்தில் 75 வருஷம் ஆகாத கட்டை கொரோனர் அனுமதி இல்லாமல் காட்ட மாட்டார்கள், அதற்கு முந்தியதில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டார்கள். அயர்லாந்தில் 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்த தீயோடு எவ்வளவோ போயிற்று. ஸ்காட்லாந்தில் கொரோனரே கிடையாது, அங்கே மரணத்தை விசாரிப்பவர் புரொகியூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞர், அதனால் அங்கே கொரோனர் கட்டு தேடி யாரும் பணத்தை விட வேண்டாம். உள்ளூர்ப் பத்திரிகை நிருபர்தான் விசாரணையில் உட்கார்ந்து கேள்வி பதிலை வரிக்கு வரி எழுதி வைத்தவன்.

நான் தேடியது என் கணவர் வீட்டுக்காக, அவர்கள் ஆங்கிலேயர்கள். குழந்தை ஒன்று கைக்குழந்தையிலேயே போய்விட்டது என்று மட்டும் தெரியும். இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கொரோனர் பேரும் விசாரணைத் தேதியும் இருந்தது, இது இருந்தால் உடனே பேப்பருக்குப் போங்கள். விசாரணை நடந்தது ஒரு மதுக்கடையின் மாடியில். அப்போது அதுதான் வழக்கம், ஊரில் வேறு பெரிய அறை இருக்காது. 1926 வரை ஜூரிகள் பிணத்தைப் பார்த்தே ஆக வேண்டும், அதனால் தாயும் தகப்பனும் தூங்கிய அதே அறைக்குப் பன்னிரண்டு ஆண்கள் ஏறிப்போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். குழந்தை அப்பா அம்மாவுக்கு நடுவில் படுத்திருந்து மூச்சுத் திணறியது. அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் அடிக்கடி நடந்தது, ஒரே கட்டில், தொட்டிலுக்கு வழியில்லை. ஜூரி ஒருவர் கேட்கிறார், சனிக்கிழமை ராத்திரி குடித்திருந்தாயா என்று. அந்தத் தாய், 'அரை பைன்ட் பியர், ராத்திரிச் சாப்பாட்டோடு' என்கிறாள். அதையும் அச்சில் போட்டிருக்கிறான்.

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். அந்தத் தாய்தான் மாமியாருடைய பாட்டி. மாமியார் எழுந்துபோய்த் தோட்டத்தில் நின்றுகொண்டார், அதற்கப்புறம் அதைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. காட்டியிருக்க வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

டர்பனில் இருந்தவன்:

நான் தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வேலை பார்த்தபோது கூட இருந்த நண்பருக்காகத் தேடிப் போனேன். பேருக்குப் பின்னால் கோவெண்டர், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. டர்பன் இருக்கிற நெட்டால் பக்கம் பேரை வைத்துத் தேடுவது வீண் வேலை, 1860இலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு எண் உண்டு. எண் தெரிந்தால் கப்பல், ஊர், சாதி, உடம்பில் இருந்த தழும்பு எல்லாம் வரும். அவருடைய பூட்டனார் கரும்புத் தோட்டத்தில் தூக்குப் போட்டுக்கொண்டார். மாஜிஸ்திரேட் விசாரித்த காகிதங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் இருந்தன.

நாலு சாட்சிகள். நாலு பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: அவனுக்கும் யாருக்கும் சண்டை இல்லை, அவனை யாரும் அடித்ததில்லை, ஏன் செய்தான் என்று தெரியாது. ஒரு சொல் கூட மாறவில்லை. முதல் சாட்சியே அந்தத் தோட்டத்துச் சர்தார், அதாவது கங்காணி. அவர் சொல்லி முடித்ததை மற்ற மூன்று பேரும் திருப்பிச் சொல்லிக் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். அடித்ததில்லை என்று யாரும் கேட்காமலே ஏன் சொல்ல வேண்டும்?

குரோய்டன் அக்கா, காட்டியது சரிதான் என்று நினைக்கிறேன். என் நண்பர் அன்றைக்கே அவர் அப்பாவைக் கூப்பிட்டுப் போனிலேயே முழுக்க வாசித்தார். எழுத்தர் ஐயா, உங்கள் 'ஆவணம்' இதுதான், முத்திரை எல்லாம் இருக்கிறது. பேத்தி பார்த்த பத்து வரிச் செய்தியில் இருந்த உண்மை இதில் இல்லை.

ஓய்வுபெற்ற எழுத்தர், மதுரை:

தம்பி, ஆவணத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நான் எங்கே சொன்னேன்? என் மாமா கதையைப் படித்தீர்களா இல்லையா?

வடமராட்சிக்காரன்:

என் கதை மறுபக்கம். அப்பப்பா யாழ்ப்பாணத்தில் எங்கள் பகுதிக்கு மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர். அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய்விடும், ஆனால் அவர் தனக்கென்று ஒரு கொப்பியில் குறித்து வைப்பார், கிணறு எத்தனை முழம், கயிறு இருந்ததா, முதலில் கண்டது யார் என்று. போரில் இடம்பெயர்ந்தபோது அப்பா காணி உறுதிகளோடு அந்தக் கொப்பிகளையும் காவிக்கொண்டு போனார், அதனால் தப்பின.

கனடாவிலிருந்து ஒரு அம்மா வந்தா. தன் பெரியம்மா இளம் வயதில் கிணற்றில் விழுந்து இறந்தவ, வழுக்கி விழுந்தது என்று வீட்டில் சொன்னவை, கொப்பியில் ஏதும் இருக்கோ என்று கேட்டா. இருந்தது. அப்பப்பா அறிக்கைக்கு எழுதியதற்குக் கீழே பென்சிலால் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தார். செருப்பு இரண்டும் கிணற்றுக் கட்டில் சோடியாக வைத்திருந்தது என்பது ஒன்று. மற்றதை இங்கே எழுத மாட்டேன், அது அந்த வீட்டில் இருந்த ஒரு ஆளைப் பற்றியது. நான் மேலே இருந்ததை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிட்டேன். அவ நன்றி சொல்லி, பிள்ளைகளுக்கு ஏதும் வேண்டிக்கொடுங்கோ என்று காசும் தந்துவிட்டுப் போனா.

குரோய்டன் மருமகள்:

வடமராட்சி அண்ணா, அது அவருடைய பெரியம்மா. அந்த இரண்டு வரி உங்களுடையது இல்லை.

பினாங்கு பேத்தி:

எனக்கு அப்படித் தோன்றவில்லை அக்கா. பென்சிலில் எழுதியதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும், நீதிமன்றத்துக்கே அவர் கொடுக்காததை இவர் எப்படிக் கொடுப்பார்? அந்த ஆளுக்கும் பேரன் பேத்தி இருப்பார்களே.

வடமராட்சிக்காரன்:

இருக்கினம். ஒரு ஆள் எங்கள் ஒழுங்கைக்குள்ளேதான் இருக்கிறார், அதுதான் சிக்கல். கொப்பி இப்போது அண்ணனிடம், ஸ்கான் பண்ணி நூலகத்துக்குக் கொடுப்போம் என்று நிற்கிறார். கொடுத்தால் பென்சிலும் சேர்ந்துதான் போகும்.

ஓய்வுபெற்ற எழுத்தர், மதுரை:

கொடுக்குமுன் அந்தக் கனடா அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இணையத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டால் உங்களை மன்னிக்க மாட்டார். அப்புறம், கொப்பியை லேமினேட் மட்டும் பண்ணிவிடாதீர்கள், காகிதம் பாழாகிவிடும்.