பைபாஸ் அறுவைக்குப் பின் நிற்காத இரத்தக் கசிவு: முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி – இறுதியாண்டு மாணவர்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம். நான் மயக்கவியல் தொழில்நுட்பம் பயில்கிறேன். இதய பைபாஸ் அறுவைக்கு முன் பி.டி., ஐ.என்.ஆர்., ஏ.பி.டி.டி. ஆகிய உறைதல் சோதனைகள், தட்டணு எண்ணிக்கை அனைத்தும் இயல்பாக இருந்த நோயாளிகளில் சிலருக்கு, இதய-நுரையீரல் இயந்திரத்திலிருந்து விடுவித்த பின்னும் மார்பு வடிகுழாயில் இரத்தம் தொடர்ந்து வருகிறது. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினை முறிக்கப் புரோட்டமைன் கொடுத்து, ஏ.சி.டி. (இரத்தம் உறைய எடுக்கும் நேரம்) பழைய அளவுக்குத் திரும்பிய பிறகும் கசிவு நிற்காவிட்டால் எதைச் சந்தேகிக்க வேண்டும்? உடனே பிளாஸ்மா ஏற்றுவது சரியான முறையா?

பதில் 1 – மயக்கவியல் மருத்துவர்

அறுவைக்கு முன் எடுத்த அறிக்கை, இயந்திரத்தைத் தொடாத இரத்தத்தைப் பற்றியது. நீங்கள் இப்போது பார்ப்பது வேறு இரத்தம். கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் ஏற்றி, ஏ.சி.டி.யை ஏறத்தாழ 480 விநாடிக்கு மேல் வைத்திருக்கிறோம். இயந்திரத்தை நிரப்பிய திரவம் இரத்தத்தை நீர்க்கச் செய்கிறது. குழாய்களின் பரப்பில் பட்டுப் பட்டுத் தட்டணுக்கள் சோர்ந்துவிடுகின்றன. உறைந்த கட்டியைக் கரைக்கும் செயலும் தூண்டப்படுகிறது. இவை எதுவும் முந்தைய நாள் அறிக்கையில் இருக்க வாய்ப்பில்லை.

அந்தப் பரிசோதனைகளுக்கே உரிய குறைகளும் உண்டு. பி.டி.யும் ஏ.பி.டி.டி.யும் தட்டணு நீக்கிய பிளாஸ்மாவில் செய்யப்படுபவை. எனவே தட்டணுவின் வேலையைத் தடுக்கும் குளோபிடோக்ரலை 5 நாள்களுக்கு முன் நிறுத்தாமல் வந்துவிட்ட நோயாளிக்கும் அவை இயல்பாகவே இருக்கும். தட்டணு எண்ணிக்கையும் இயல்பாக இருக்கும், ஏனெனில் குறைந்திருப்பது எண்ணிக்கையன்று, வேலைத்திறன். மேலும், ஆய்வகம் மாதிரியை 37 டிகிரிக்குச் சூடாக்கித்தான் பார்க்கிறது. நோயாளியின் உடல் 34 டிகிரியில் இருந்தால், குளிரால் ஏற்படும் உறைதல் தளர்வு அந்தத் தாளில் தெரியாது. ஆகவே எந்த இரத்தப் பொருளையும் கேட்பதற்கு முன் வெப்பமானியையும், இரத்த வாயு அறிக்கையில் உள்ள அயனிக் கால்சியத்தையும் பாருங்கள். ஏற்றிய இரத்தத்திலுள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிணைத்துவிடும். அயனிக் கால்சியம் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்குக் கீழே போனால் எத்தனை பை ஏற்றினாலும் முழுப் பலன் கிடைக்காது.

ஏ.சி.டி. திரும்பிவிட்டது என்பதை முழுதாக நம்ப வேண்டாம். மிகக் குறைந்த அளவு ஹெப்பாரினை அது காட்டிக்கொடுப்பதில்லை. சில மணி நேரம் கழித்துத் திசுக்களிலிருந்து ஹெப்பாரின் மீண்டும் இரத்தத்துக்குத் திரும்புவதும் உண்டு. அதற்காகப் புரோட்டமைனை அள்ளிக் கொடுப்பதும் தவறு: 100 யூனிட் ஹெப்பாரினுக்கு 1 மில்லிகிராம் என்பதே பழைய கணக்கு, அளவு மிஞ்சினால் புரோட்டமைனே தட்டணுக்களைப் பாதித்துக் கசிவைக் கூட்டும்.

பதில் 2 – இரத்த வங்கிப் பணியாளர்

பிளாஸ்மா பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். இத்தகைய கசிவில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது, உறைகட்டியை உருவாக்கும் புரதமான ஃபைப்ரினோஜன். ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் அது ஏறத்தாழ 2 முதல் 3 கிராம்தான் இருக்கும் என்பதால், பிளாஸ்மாவைக் கொண்டு அதை உயர்த்த முயன்றால் நோயாளியின் இதயத்துக்குச் சுமை ஏறுமே தவிர அளவு அவ்வளவாக ஏறாது. கசிவு உள்ளவருக்கு அது டெசிலிட்டருக்கு 150 மி.கி.க்குக் கீழே வந்தால், ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோவைக் கேட்பதே பொருத்தம்.

டி.இ.ஜி. உள்ள இடங்களில் இந்தத் தேர்வு எளிது. 1948இல் ஜெர்மனியில் ஹார்ட்டர்ட் வடிவமைத்த முறை அது: முழு இரத்தம் உறைந்து, வலுப்பெற்று, கரைவது வரை ஒரே கோட்டில் வரைந்து காட்டும். ஹெப்பாரினைச் சிதைக்கும் ஹெப்பாரினேஸ் சேர்த்த கிண்ணத்தையும் சேர்க்காத கிண்ணத்தையும் ஒப்பிட்டு, தொடக்க நேரம் சேர்க்காததில் மட்டும் நீண்டிருந்தால் ஹெப்பாரின் மீதமிருக்கிறது. இரண்டிலும் நீண்டிருந்தால் உறைதல் காரணிகள் குறைவு, அப்போதுதான் பிளாஸ்மா. கட்டியின் உச்ச வலிமை குறைந்தால் தட்டணுவோ ஃபைப்ரினோஜனோ தேவை. ஆனால் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் விளைவைச் சாதாரண டி.இ.ஜி.யும் காட்டாது, பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கட்டி கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் பயன் கூடுமா? டி.இ.ஜி. இல்லாத மருத்துவமனைகளில் எப்படி முடிவெடுப்பது?

பதில் 3 – இதய அறுவை மருத்துவர்

அளவைக் கூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதயத் தமனி அறுவையில் 4,631 நோயாளிகளை வைத்துச் செய்த அட்டகாஸ் ஆய்வு 2017இல் வெளியானது. கசிவுக்காக மீண்டும் மார்பைத் திறக்க நேர்வது அம்மருந்தால் குறைந்தது. ஆனால் வலிப்பு வந்தவர்கள் மருந்து பெறாதவர்களில் 0.1 சதவீதம், பெற்றவர்களில் 0.7 சதவீதம். கிலோவுக்கு 100 மி.கி. என்று தொடங்கிய அளவை ஆய்வின் நடுவிலேயே பாதியாக்கினார்கள்.

டி.இ.ஜி. இல்லாவிட்டால் ஃபைப்ரினோஜன் அளவு, தட்டணு எண்ணிக்கை, ஏ.பி.டி.டி. மூன்றையும் புரோட்டமைன் கொடுத்தவுடனேயே அனுப்பிவிடுங்கள். கசிவு தொடங்கிய பின் அனுப்பினால் முடிவு வருவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். பாம்புக்கடிக்கு நம் மருத்துவமனைகளில் செய்யும் 20 நிமிட முழு இரத்த உறைதல் சோதனையை இங்கே நம்ப முடியாது, ஏனெனில் பெரும் குறைபாட்டை மட்டுமே அது காட்டும்.

ஒன்றை மட்டும் இவ்விவாதம் இதுவரை தொடவில்லை. எண்கள் எல்லாம் சரியாக இருந்து, உடலும் சூடாக இருந்து, வடிகுழாயில் மணிக்கு 200 மி.லி. எனத் தொடர்ந்து வந்தால், அது உறைதல் பிரச்சினையன்று; தையலிலோ இரத்தக் குழாயின் கிளையிலோ ஓட்டை இருக்கிறது, அதற்கு இரத்த வங்கியில் மருந்து கிடையாது. அறுவை மருத்துவரை உடனே அழையுங்கள், அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நன்றாக வந்துகொண்டிருந்த கசிவு திடீரென நின்று, இரத்த அழுத்தம் இறங்கி, மைய சிரை அழுத்தமான சி.வி.பி. ஏறினால், கசிவு அடங்கிவிட்டது என்று எண்ணாமல், குழாய் அடைபட்டு இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்குகிறது என்றே முதலில் கருதி எக்கோ எடுக்கச் சொல்லுங்கள்.