கொலம்பியாவோட பலேங்கே ஊர் செக்ஸ்தேத்தோ (பாட்டும் தாளமுமான குழு), அந்த மரிம்புலா (இரும்புப் பட்டை வெச்ச பேஸ் பெட்டி): கச்சேரியை நேரில் கேட்டவங்க எழுதுங்க

முகிலன்:
பாட்டு போகட்டும், மரிம்புலாக்காரர்தான் இன்னும் மண்டையில நிக்கிறார். பெட்டி மேலேயே உட்கார்ந்து, காலை அகட்டி, கீழே கைவிட்டு இரும்புப் பட்டையைச் சுண்டுறார். நடுவுல ரெண்டு சுற்றுக்கு அவர் மட்டும் கையை எடுத்தார். பாங்கோ மேளம், க்ளாவே குச்சி, மராகா கிலுக்கு எல்லாம் ஓடுது, ஆனா பாட்டு அந்தரத்துல தொங்குது. திரும்ப ‘தும்’னு விழுந்ததும் கோரஸ் ஏறுச்சு பாருங்க! ஆப்பிரிக்காவுல இருந்து நேரா வந்த வாத்தியம்னா சும்மாவா.

செல்வி:
நேரா வரலை, கியூபாவைச் சுத்தி வந்தது. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல பலேங்கேக்குப் பக்கத்து சின்செரின் சர்க்கரை ஆலைக்குக் கியூபாக்காரங்க வேலைக்கு வந்தாங்க. சோன்ங்கிற கியூபப் பாட்டு இசை அவங்களோட வந்தது. 1930-கள்ல ஊர்க்காரங்களே குழு கட்டுனாங்க. ரஃபாயேல் கசியானியோட தபலா குழுவும் அந்த வழிதான். கையடக்கமான ஆப்பிரிக்க விரல் பியானோதான், கரீபியன் பக்கம் மரிம்புலாங்கிற பேஸ் பெட்டியாப் பெருத்துடுச்சு. ஆப்பிரிக்க வேர் இன்னும் பக்கத்துல கேக்கணும்னா லும்பலூ கேளுங்க, ஒன்பது ராத்திரி துக்கச் சடங்குல பாடுறது.

டேவிட்:
ஒலிப்பதிவுல கேட்டவன் நான். பெட்டியோட ஓட்டைக்கு நேரா மைக் வெச்சா காத்துதான் அடிக்கும், பட்டையோட ‘டக்’ வராது. ஒரு சாண் தள்ளி, சாய்ச்சு வைக்கணும். சுருதி காட்டுற ட்யூனர் ஆப்பை நம்பாதீங்க. பட்டையோட முதல் மேல்சுரம் அடிச்சுரத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல, ஆப் அதைப் பிடிச்சுக்கிட்டு எதையோ காட்டும்.

தச்சுப்பட்டறை:
யாரும் கேக்கலைதான், இருந்தாலும் செய்யப் போறவங்களுக்கு. முன்பலகை 4–6 மி.மீ. ப்ளைவுட் போதும், பக்கப்பலகை 18 மி.மீ. வேணும், ஆள் உட்காரணும்ல. பட்டைக்கு ஸ்பிரிங் ஸ்டீல்தான். சாதா இரும்பு நாலு சுண்டுல வளைஞ்சு அப்படியே நின்னுடும். அடியில ரெண்டு தாங்குகட்டை, நடுவுல மேலேருந்து அழுத்துற இரும்புக் கம்பி. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு பட்டைக்கு இடையிலயும் ஒரு போல்ட் போடுங்க. ரெண்டு ஓரத்துல மட்டும் போட்டா கம்பி நடுவுல தூக்கிக்கும், அங்க இருக்கிற பட்டை ‘ஸ்ஸ்’னு இரையும்.

சுருதிக்குப் பட்டையை நகர்த்தணும்: வெளிய இழுத்தா இறங்கும், உள்ள தள்ளினா ஏறும். எல்லாரும் சறுக்குற இடம் இதுதான். தந்தி மாதிரி நீளத்தைப் பாதியாக்கினா ஒரு ஸ்தாயி ஏறாது, ரெண்டு ஏறிடும். 20 செ.மீ. பட்டை ஒரு ஸ்தாயி ஏற சுமார் 14 செ.மீ. போதும், அரைச்சுரத்துக்கு 6 மி.மீ. நகர்த்தினா சரி. நுனியை அரம் போட்டு மழுங்க வைங்க, இல்லேன்னா விரல் கிழியும். முதல் நாள் வாசிச்சதும் போல்ட் தளரும், மறுபடி முடுக்குங்க.

முகிலன்:
அண்ணே, நான் கேட்டது அந்த ரெண்டு சுற்றைப் பத்தி.

செல்வி:
6 மி.மீ. கணக்கெல்லாம் எதுக்குங்க? சில குழுவுல பாட்டோட சுருதிக்குப் பட்டை சரியாச் சேரவே சேராது. மேல், நடு, கீழ்னு மூணு உயரம் காதுக்குப் பிரிஞ்சு தெரிஞ்சாப் போதும், அது பாதி பேஸ், பாதி மேளம். முகிலன், நிறுத்தினதும் தொங்கினது அதனாலதான். சோன்ல பேஸ் முதல் தட்டுல விழாது, அதுக்கு முன்னாடியே விழுந்து அடுத்த சுற்றை இழுத்துக்கிட்டுப் போகும்.

டேவிட்:
தச்சரே, பட்டைக்கு அறுவை ரம்பத் தகடு போட்டா பல்லைத் தேய்க்கணுமா?

தச்சுப்பட்டறை:
தேய்க்கணும். தேய்க்கும்போது சூடேறி நீலம் பாய விடாதீங்க, விறைப்புப் போயிடும். அப்பப்ப தண்ணியில முக்குங்க.