யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஹொப்ஸ் போடலாமா? 4 பரப்புக் காணி சும்மா கிடக்கிறது

கொடிக்காரன்:
நல்ல செம்மண், கிணறும் இருக்கிறது. முந்தி முந்திரிகை (திராட்சை) பந்தல் இருந்த காணி, அப்பாவுக்கு ஏலாமல் போன பிறகு கொடியெல்லாம் பட்டுப்போய்த் தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஜேர்மனியில் இருக்கிற மச்சான் பியருக்குப் போடுகிற ஹொப்ஸும் கொடிதான், வரும்போது நாலைந்து கிழங்கு பையில் போட்டுக்கொண்டு வருகிறேன் என்கிறான். எங்கட வெயிலுக்குத் தாங்குமா?

செம்மண்:
வெயிலை விடுங்கள் தம்பி, சிக்கல் பகல் நீளத்தில். ஹொப்ஸுக்கு நீண்ட பகல் இருந்தால்தான் கொடி ஓடும், பகல் குறையக் குறையப் பூக்கும். ஜேர்மனியில் ஜூனில் 16 மணித்தியாலம் வெளிச்சம், எங்களுக்கு அதே ஜூனில் பன்னிரண்டே முக்கால்கூட வராது. அதனால் கொடி பந்தலைத் தொட முன்னமே நாலு பூவைப் பூத்துவிட்டு நின்றுவிடும். தென்னாபிரிக்காவில் ஜோர்ஜ் நகரப் பக்கம் இரவில் விளக்குப் போட்டுச் சமாளித்தார்கள், பிறகு அந்தப் பகலுக்கு ஏற்ற ரகங்களைத் தாங்களே உருவாக்கினார்கள். பிரேசிலிலும் இப்போது விளக்குத்தான். 4 பரப்புக்கும் விளக்கென்றால் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

பனிக்குள் ஒருவன்:
நான் மியூனிக்கில் இருக்கிறேன், ஹொப்ஸ் விளைகிற ஹலர்டவ் பக்கம் அறுவடை பார்க்கப் போயிருக்கிறேன். அந்தத் தூண்களை மறந்துவிடுங்கள், இங்கே கம்பி 7 மீற்றர் உயரத்தில் ஓடுகிறது, உங்கள் முந்திரிகைப் பந்தல் ஆளுயரம்தானே. கொடியில் கை பட்டால் அரம் மாதிரி உராயும். பூவை நகத்தால் பிளந்து பார்த்தால் உள்ளே மஞ்சள் மா இருக்கும், கைப்பும் மணமும் அதில்தான். பெண் கொடிதான் வேண்டும், ஆண் பக்கத்தில் நின்றால் விதை பிடித்துவிடும். பறித்த அன்றே காய வைக்க வேண்டும், நாலு கிலோ பச்சைப் பூ காய்ந்தால் ஒரு கிலோ தேறும், அதையும் காற்றுப் போகாமல் அடைத்துக் குளிரில் வைக்காவிட்டால் மணம் போய்விடும். முழு விளைச்சல் மூன்றாம் வருசம்தான். அதுவரை உங்கள் மச்சான் காசு அனுப்புவாரா?

வேலியோரம்:
பையில் கிழங்கு கொண்டுவர வேண்டாம் என்று முதலில் சொல்லுங்கள். 1999 ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முன்கூட்டியே அனுமதி எடுக்காமல் கொண்டுவந்தால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். ஹொப்ஸும் கஞ்சாவும் ஒரே குடும்பம் வேறு, இலையோடு வந்தால் அங்கே நின்று விளக்கம் சொல்ல வேண்டியதுதான், ஹாஹா.

கொடிக்காரன்:
சரி, விளங்கிவிட்டது. அனுமதி கிடைத்தால் இரண்டு சாடியில் வைத்து மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டுப் பார்க்கிறேன், பூவைத் தேத்தண்ணிக்குள்ளாவது போடலாம்தானே. காணிக்குத் திரும்ப முந்திரிகைதான். யாரிடமாவது நல்ல வெட்டுத்தடி இருந்தால் சொல்லுங்கள், மழை விட்டதும் வந்து எடுக்கிறேன்.