உதவி தேவை: பழைய எஸ்யூவி, மைலேஜ் 9-லிருந்து 6-க்கும் கீழே இறங்கிவிட்டது

வெள்ளை எஸ்யூவி:
அனைவருக்கும் வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் வாங்கிய எஸ்யூவி. லிட்டருக்கு 9 கிலோமீட்டர் தாராளமாகக் கொடுத்துவந்த வண்டி, நான்கைந்து மாதங்களாக 6-கூடக் கொடுப்பதில்லை. ஆயில் மாற்றி இரண்டு மாதம்தான் ஆகிறது. மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வீட்டில் விற்றுவிடச் சொல்கிறார்கள். அப்பா ஆசைப்பட்டு வாங்கிய வண்டி, விற்க எனக்கு மனம் வரவில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

டீசல் நேசன்:
புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கும். கழற்றிப் பார்த்தால் உள்ளே தார் பூசியதுபோல இருக்கும். அதோடு டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் கரும்புகை வந்தால் சந்தேகமே வேண்டாம். என் வண்டியில் அந்த ஒரு ஹோஸை மாற்றியதும் லிட்டருக்கு 2 கிலோமீட்டர் கூடியது.

திருச்சி ஸ்பேனர்:
என்ன வண்டி? பெட்ரோலா, டீசலா? மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? 6 என்ற கணக்கை எப்படிப் போட்டீர்கள்? இவை இல்லாமல் யார் சொன்னாலும் குருட்டு வைத்தியம்தான்.

மூத்த ஓட்டுநர்:
இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை இப்போது யாருக்கும் இல்லை. தம்பி, 31 ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறேன். மைலேஜ் குறைந்தது என்று வருகிறவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு டயரில் காற்று இருக்காது, மீதி மூன்று பேருக்குக் காலில் நிதானம் இருக்காது. முதலில் காற்றைப் பிடியுங்கள். ஓட்டும் முறையைத் திருத்துங்கள். பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்.

வெள்ளை எஸ்யூவி:
மன்னிக்கவும், பெட்ரோல் வண்டி. 2.4 லிட்டர், ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம். 1,42,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை, இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு அவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. காற்று மாதம் ஒருமுறை பிடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் 1,000 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு, முள் இறங்குவதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.

டீசல் நேசன்:
பெட்ரோல் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். அப்படியானால் ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், புகையில் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார். சென்சார் மந்தமாகிவிட்டால் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் கூடிவிடும்.

திருச்சி ஸ்பேனர்:
முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டிகளில் டேங்க் மிதவை நேராகவே இறங்காது. பம்பில் முதல் 'டிக்' விழும் வரை நிறையப் பிடியுங்கள், ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். 200 கிலோமீட்டராவது ஓட்டிவிட்டு அதே பம்பில், முடிந்தால் அதே முனையில், மறுபடி முதல் 'டிக்' வரை பிடித்து லிட்டரைப் பாருங்கள்.

வயல்வெளி:
யாரும் உண்மையான காரணத்தைச் சொல்லவில்லை. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். 2008 வண்டி அதற்காகச் செய்யப்பட்டதே அல்ல. மூன்றில் ஒரு பங்கு மைலேஜ் அங்கேதான் போகிறது.

அளவுகோல்:
எத்தனாலால் குறையும், ஆனால் இவ்வளவு குறையாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது, எத்தனாலில் 21. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 30. அதாவது 7 சதவீதம் குறைவு. எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்குச் சீரமைத்த கார்களுக்கு 6 முதல் 7 சதவீதம் இழப்பு என்றுதான் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொல்கிறது. 9 என்பது 8.4 ஆகலாம். 6 ஆகாது.

வயல்வெளி:
ஏட்டுக் கணக்கு வேறு, சாலை வேறு. என் காரில் நானே பார்த்தேன்.

அளவுகோல்:
நீங்கள் பார்த்ததை மறுக்கவில்லை. இந்த வண்டியில் வேறொரு கோளாறு இருக்கும்போது எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போட்டால், அந்தக் கோளாறு அப்படியே இருந்துவிடும் என்றுதான் சொல்கிறேன். பதிவர் இவற்றுக்குப் பதில் தரட்டும்: எந்த ஊரில் ஓட்டுகிறீர்கள்? ஒரு நடைக்கு எத்தனை கிலோமீட்டர்? ஓடும்போது வெப்ப முள் எங்கே நிற்கிறது? எஞ்சின் விளக்கு எரிகிறதா?

வெள்ளை எஸ்யூவி:
ஆகஸ்டில் கோவையிலிருந்து குன்னூருக்கு மாற்றலாகி வந்தோம். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர், அங்கிருந்து அலுவலகம் 2. மாலையில் அதே வழி. வெப்ப முள் கால் பாகத்துக்கும் கீழே இருக்கிறது. குளிர்ந்த ஊர், அதனால் எஞ்சினும் குளிர்ச்சியாக இருப்பது நல்லதுதானே? எஞ்சின் விளக்கு அவ்வப்போது எரியும், பழைய வண்டி என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருச்சி ஸ்பேனர்:
ஊர் மாறியதையும் விளக்கு எரிவதையும் இப்போதுதான் சொல்கிறீர்கள்! நண்பரே, கோளாறைச் சுட்டிய விளக்கு அதுதான்.

மூத்த ஓட்டுநர்:
விஷயம் முடிந்தது. குன்னூர் 1,850 மீட்டர் உயரம். மேலே காற்று மெலிவு. காற்று குறைந்தால் கலவையில் பெட்ரோல் கூடும், புகை வரும், மைலேஜ் விழும். மலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது அரிச்சுவடி. கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றினால் சரியாகும்.

அளவுகோல்:
ஐயா, கார்பரேட்டர் வண்டிக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் உண்மை. ஊட்டிக்கு ஏறும் முன் ஜெட் மாற்றிய காலம் எனக்கும் நினைவிருக்கிறது. இது இன்ஜெக்டர் வண்டி, இதில் ஜெட் கிடையாது. காற்றின் அளவைச் சென்சார் அளந்து சொல்கிறது, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது.

என் கவலை அந்த வெப்ப முள். நன்றாக ஓடும் பெட்ரோல் எஞ்சினில் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், 85 முதல் 95 டிகிரியில் நிற்க வேண்டும். எஞ்சின் சூடாகாதவரை கணினி 'இன்னும் குளிர்ச்சி' என்று நினைத்துப் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். எஞ்சினின் விசையை ஆட்டோமேட்டிக் கியருக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் சூடேறும் வரை இறுக்கிப் பிடிக்காது. அங்கேயும் இழப்பு. 3 கிலோமீட்டர் நடை இதை இன்னும் மோசமாக்கும்.

சோதிப்பது எளிது. விடியற்காலையில், இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வையுங்கள். விசிறியிலிருந்து கை தள்ளியிருக்கட்டும், ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது சரியாக இருந்தால் பல நிமிடங்கள் ஹோஸ் சில்லென்று கிடக்கும், பிறகு சட்டென்று சுடும். தொடக்கத்திலிருந்தே மெதுவாக வெதுவெதுப்பு ஏறினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது.

அப்படியே ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்குகிறது. மைலேஜைவிட எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.

காரமடை வாசி:
கடந்த இரண்டு ஆண்டுகளில் ரேடியேட்டர் வேலை ஏதாவது செய்தீர்களா?

வெள்ளை எஸ்யூவி:
ஆமாம், போன வருடம் கோடையில். மேட்டுப்பாளையம் சாலையில் ரேடியேட்டர் ஒழுகி எஞ்சின் கொதித்துவிட்டது. வழியில் ஒரு பட்டறையில் சரிசெய்தார்கள். அதன்பிறகு கோவையில் எந்தத் தொந்தரவும் இல்லை.

திருச்சி ஸ்பேனர்:
பந்தயம் கட்டுகிறேன், தெர்மோஸ்டாட் சிக்கவில்லை, அது அங்கே இல்லவே இல்லை. எஞ்சின் கொதித்து வந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மூடியைப் பூட்டும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கோவை வெயிலில் எஞ்சின் எப்படியோ சூடேறியிருக்கும், தெரிந்திருக்காது. குன்னூர்ப் பனியில் மாட்டிக்கொண்டது.

மூத்த ஓட்டுநர்:
கழற்றுவதில் என்ன தவறு? நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை. என் முதல் ஜீப்பில் 12 ஆண்டுகள் அது இல்லாமல்தான் ஓட்டினேன். ஒருநாளும் கொதித்ததில்லை.

திருச்சி ஸ்பேனர்:
அண்ணா, அந்த ஜீப் எத்தனை கிலோமீட்டர் கொடுத்தது என்பதையும் சொல்லுங்கள். அப்போது பெட்ரோல் விலை வேறு. இன்னொன்று, சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்தான் பைபாஸ் வழியையும் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றி வரும், ஏற்றத்தில் பழையபடி கொதிக்கும். கொதிப்புக்கு மருந்து என்று செய்வதே கொதிப்பைக் கொண்டுவரும்.

வயல்வெளி:
எத்தனால் ரப்பர் ஹோஸ்களை அரிக்கும் என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே?

அளவுகோல்:
பழைய வண்டிகளில் எரிபொருள் ஹோஸ்களையும் சீல்களையும் கவனிக்க வேண்டும் என்பது சரி. தனி இழை தொடங்குங்கள், நானும் அங்கே எழுதுகிறேன். இங்கே இவருடைய வண்டி முதலில் சரியாகட்டும்.

காரமடை வாசி:
ஐந்து நாட்கள் ஆகிவிட்டன. பதிவர் எங்கே?

டீசல் நேசன்:
விற்றுவிட்டாரோ என்னவோ.

வெள்ளை எஸ்யூவி: (9 நாட்கள் கழித்து)
பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் தாமதம். முதலில் டேங்க் நிறையப் பிடித்து அளந்தேன்: 212 கிலோமீட்டருக்கு 36.4 லிட்டர், அதாவது 5.8. காலையில் ஹோஸைத் தொட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே வெதுவெதுப்பு. ஆயிலில் பெட்ரோல் வாடை தெளிவாக இருந்தது.

இங்கே வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கருவியைச் செருகினார், பி0128 என்று வந்தது. கூலன்ட் எதிர்பார்த்த வெப்பத்துக்கு ஏறவில்லை என்று அதற்கு அர்த்தமாம். பள்ளியிலிருந்து ஓட்டி வந்த பிறகும் 58 டிகிரிதான் காட்டியது. இரண்டு போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. தெர்மோஸ்டாட் உட்காரும் வட்டத்தில் பழைய ரப்பர் வளையத்தின் கறுப்புத் தடம் மட்டும் இருந்தது. திருச்சி நண்பர் சொன்னது அப்படியே நடந்தது.

புதியது போட்டு, கூலன்ட்டும் ஆயிலும் மாற்றியாகிவிட்டது. முள் இப்போது நடுவில் நிற்கிறது. நேற்று மறுபடி அளந்தேன்: 265 கிலோமீட்டருக்கு 35.8 லிட்டர். எல்லோருக்கும் நன்றி. வண்டியை விற்கவில்லை.

அளவுகோல்:
7.4 வருகிறது. குன்னூர் ஏற்றத்துக்கும் குறுநடைக்கும் இது மோசமில்லை, ஆனால் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். மலையில் பிரேக் அதிகம் பிடிக்கிறீர்கள். அடுத்த முறை பிரேக்கே தொடாமல் சமதளத்தில் ஓட்டி நிறுத்தியதும், நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் பிடியை விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது.

திருச்சி ஸ்பேனர்:
ஆக்சிஜன் சென்சாரையும் ஒருமுறை கருவியில் பார்த்துவிடுங்கள். இத்தனை மாதம் பெட்ரோல் கூடுதலாக எரிந்ததில் அதன்மேல் கரி படிந்திருக்கும்.

காரமடை வாசி:
சக்கரச் சூட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.