அந்த ஆளு குடியரசுப் படைக்காரன்னு படத்துல எங்கய்யா வருது?

ரீல்பெட்டி: நேத்து இங்க ஒருத்தர் 'ஸ்பிரிட் ஆஃப் தி பீஹைவ்' புதுப்பிச்ச பிரிண்ட் பாத்துட்டு எழுதியிருக்கார், ஸ்பெயின்ல சர்வாதிகாரி பிராங்கோ ஆட்சில 1973ல வந்த படத்துல, உள்நாட்டுப் போர்ல பிராங்கோகிட்ட தோத்து தப்பி வர்ற குடியரசுப் படை வீரனுக்கு ஒரு சின்னப் பொண்ணு உதவி பண்றா, அது கூட புரியாம விட்ட சென்சார்காரங்க முட்டாள்கள்னு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. குடியரசுப் படைன்னு எந்த சீன்ல சொல்றாங்க? ரயில்லேர்ந்து குதிக்கிறான், கால்ல அடி, கிணத்துப் பக்கம் பாழடைஞ்ச கொட்டாய்ல கிடக்கான், அந்தச் சின்னப் பொண்ணு அனா ஆப்பிள் குடுக்குறா, அப்பா கோட்டு கொண்டாந்து தர்றா. அவ்ளோதான். பேரும் கிடையாது, கட்சியும் கிடையாது.

சேலம்செல்வி: கதை 1940 வாக்குல ஸ்பெயினோட காஸ்டில் பகுதில நடக்குது, போர் முடிஞ்சு வருஷம் ஒண்ணுதான் ஆச்சு. ராத்திரியோட ராத்திரியா விசாரணை இல்லாம சுட்டுத் தள்றாங்கன்னா அவன் என்ன டிக்கெட் எடுக்காம வந்தவனா? உங்களுக்கு எல்லாத்தையும் போர்டு எழுதி மாட்டணுமா?

ரீல்பெட்டி: பட்டாளத்த விட்டு ஓடி வந்தவனா இருக்கலாம், ஜெயில்லேர்ந்து தப்புனவனா இருக்கலாம். அனாவுக்கு அவன் யாரு? ஊர் மண்டபத்துல பாத்த 1931 ஃபிராங்கன்ஸ்டைன் பூதம். அது சாகல, ஆவி, கண்ண மூடி 'நான்தான் அனா'ன்னு கூப்பிட்டா வரும்னு அக்கா இசபெல் சொன்னா, இவ கூப்பிட்டா, வந்துட்டான். டைரக்டர் எரிசே குழந்தை கண்ணால காட்டுறத நீங்க வரலாற்றுப் பாடமா மாத்துறீங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு, எந்த சீன்?

கோடம்பாக்கம்குமார்: பாஸ், பொணத்த எங்க கிடத்துறாங்கன்னு பாத்தீங்களா? அதே மண்டபம், அனா ஃபிராங்கன்ஸ்டைன் பாத்த அதே திரைக்குக் கீழ. வீட்டு ஆல்பத்துல அனா அப்பாவோட எழுத்தாளர் உனமுனோ இருக்கற போட்டோ வருது, 1936ல சலமான்கா பல்கலைக்கழக ரெக்டர் பதவிலேர்ந்து பிராங்கோ தூக்குன உனமுனோ. அந்த வீடே போர்ல தோத்துப் போன தரப்போட வீடுங்க.

ரீல்பெட்டி: அப்பாவப் பத்தி யார் கேட்டா? ஓடி வந்தவன் யாருன்னுதான் கேட்டேன்.

மதுரைக்காரன்: நடுவுல வர்றேன், புது பிரிண்ட்ல மஞ்சள் ஜாஸ்தியா இல்ல? என்கிட்ட இருக்கற டிவிடில இப்படி இல்ல, ரீஸ்டோரேஷன்னு சொல்லி சாயத்த ஊத்திட்டாங்க.

ரீல்பெட்டி: யோவ், அந்த வீட்டு ஜன்னல் கண்ணாடியே தேன் கலர், கட்டம் கட்டமா தேனடை மாதிரி அறுகோணம், வெளிச்சம் அது வழியா வந்து அந்தப் பொண்ணுங்க மூஞ்சில விழுது. பார்வை போயிட்டிருந்த நேரத்துல லூயிஸ் குவாத்ராதோ பண்ண ஒளிப்பதிவு. வெளுத்த டிவிடிய வெச்சுக்கிட்டு அதப் போய் சாயம்ங்கறீங்க. போன மாசம் இன்னொரு ஸ்பெயின் டைரக்டர் சௌரா படத்துலயும் இதே கூத்து பண்ணீங்க, மறக்கல.

மதுரைக்காரன்: நானும் மறக்கல. பதில் சொல்ல முடியாம த்ரெட்ட விட்டு ஓடுனது யாரு? சௌராவோட 'க்ரியா குயர்வோஸ்'லயும் அனாவா நடிச்ச இதே அனா டொரென்ட்தான், இதே தயாரிப்பாளர் கெரெஹெட்டாதான், அதுல செத்துப் போற அப்பாவே பிராங்கோ பட்டாள அதிகாரின்னு நேரா சொல்லிட்டார் சௌரா. அதுதான் தைரியம்.

சேலம்செல்வி: ரெண்டு பேரும் சண்டைய அப்புறம் போடுங்க. ரீல்பெட்டி சார், பிராங்கோ செத்ததே 1975 நவம்பர்லதான். 1973ல அவன் யாருன்னு வாயால சொல்லியிருந்தா சான் செபாஸ்டியன் திரைப்பட விழால முதல் பரிசு தங்கச் சிப்பி வாங்கியிருக்குமா, படமே பெட்டிக்குள்ள கிடந்திருக்கும்.

ரீல்பெட்டி: ஆக, சொல்லலன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்ப படத்துல இல்ல.

சேலம்செல்வி: சொல்லலன்னா இல்லன்னு அர்த்தமா? ஊரே வாய மூடிக்கிட்டு இருந்த காலம் சார் அது! அந்த வீட்ல புருஷன் பொண்டாட்டி கூட சேந்தாப்ல ரெண்டு வார்த்தை பேசிக்கறதில்ல. அம்மா தெரேசா சைக்கிள்ல ஸ்டேஷனுக்குப் போய் எங்கயோ தூரத்துல இருக்கறவனுக்கு ரயில்ல லெட்டர் போடுறா, ரயில்லேர்ந்து ஒருத்தன் குதிக்கிறான், அவன் செத்த பிறகு அவ ஒரு லெட்டர அடுப்புல போட்டு எரிக்கிறா. இதுக்கு மேல என்ன வேணும்?

ரீல்பெட்டி: லெட்டர் எரியறத நானும் பாத்தேன். அதுல குடியரசுப் படைன்னு எங்க எழுதியிருந்துச்சு, எந்த நிமிஷம்னு சொல்லுங்க, போய்ப் பாக்குறேன்.

கோடம்பாக்கம்குமார்: இவர்கிட்ட பேசறது வேஸ்ட்டு.

ரீல்பெட்டி: நிமிஷம் சொல்லுங்க பாஸ், நிமிஷம்.