காலடிப்பேட்டையின் 'காலட்': அந்தக் குடும்பப்பெயரில் வேறு யார்?

கேள்வி:
திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்குப் பெயர் தந்தவர் கவர்னர் ஜோசப் காலட். அதே குடும்பப்பெயரில் வரலாற்றில் வேறு யார் இருக்கிறார்கள்? தேடினால் எழுத்துக்கூட்டல் குழப்புகிறது.

பதில் 1:
தம்பி, அவர் 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னர். நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. 'காலட்பேட்டை' வாய்வழியே காலடி ஆகிவிட்டது. பாதத்தோடு முடிச்சுப் போடாதீங்க!
நமக்கு நெருக்கமானவர் சோபியா டாப்சன் காலட் (1822–1894). ராஜாராம் மோகன் ராயின் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்கும் முன்பே இறந்தார். நண்பர் ஒருவர் முடித்து 1900இல் வெளிவந்தது. சோபியாவின் அண்ணன் மகள் கிளாரா காலட் (1860–1948), பெண் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தவர்.

பதில் 2:
குழப்பம் கடைசி எழுத்தில்தான். ஆங்கிலத்தில் ஜோசப், சோபியா, கிளாராவுக்கு ஒற்றை 'டி' (Collet). நார்வே எழுத்தாளர் கமிலா காலட்டுக்கு (1813–1895) இரட்டை 'டி' (Collett). இரண்டு விதமாகவும் தேடுங்க. கமிலா பிறந்தது வெர்கலான் குடும்பத்தில். காலட் கணவர் வழி வந்தது. பட்டியல் போட்டால் பிறந்த வீட்டுப் பெயருக்குத் தனிக் கட்டம் வைங்க, இல்லையென்றால் உறவு தலைகீழாகிவிடும்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, இரட்டை 'டி'யைத்தான் கவனிக்கவில்லை.